இனிஷியல் வைத்த மாடுகள்

மரியராஜ் சார் வீட்டுக்கு எரிவாயு சிலிண்டர் வந்தால், எடை போட்டுப் பார்த்த பிறகுதான் வாசலைத் தாண்டி உள்ளே வரும். அதற்கென்றே ஒரு தராசு வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார். சிலிண்டர் போடும் மலைச்சாமி பதினைந்து வருடப் பழக்கம். நாகமலை புதுக்கோட்டையில் அவரைச் சந்தேகப்படுகிற வேறு வீடு கிடையாது. எடை குறைந்தால் மரியராஜ் சார் கோபப்படுவார். கூடிவிட்டால் அதைவிட மோசம். "எதுக்குய்யா கூட இருக்கு?" என்று கேட்டு அந்த மனிதரைப் படிக்கட்டிலேயே நிற்க வைத்துவிடுவார்.

கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதும் இதே கதைதான். பெண்ணுக்குக் கோபம் வருமா என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டார். வரவே வராது என்றார் பங்குச் சாமியார். கொஞ்சம் வரும் என்றார் பெண் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை. நன்றாகவே வரும் என்றார் எதிர்வீட்டுக்காரர். பதில்கள் இப்படி மாறி மாறி வந்ததால்தான் இதில் சூது இல்லை என்று முடிவுகட்டி மரியராஜ் சம்மதித்தார். "மூணு பேரும் பேசி வச்சு ஒரே மாதிரி சொல்லிருந்தாகன்னா நான் தப்பிச்சிருப்பேன்" என்று அவர் மனைவி பிலோமினாள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பிறக்கும்போதே அவர் இப்படி இல்லை. இருபத்து நான்கு வயதில், தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கணினி மையத்தில் ஆலன் என்கிற நண்பனோடு சேர்ந்து வேலை பார்த்தார். எட்டு மாதம் உட்கார்ந்து, நூலகங்களுக்கு ஒரு நிரலைத் தனி ஆளாக எழுதி முடித்தார். பிரதி ஒன்றை ஆலனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆலன் பார்த்தான். பார்த்ததோடு நிற்காமல் ஒரு கல்லூரிக்கு விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். அந்தக் கல்லூரியில் ஒருநாள் அதைத் திறந்து பார்த்தபோது முதல் திரையில் 'உருவாக்கம்: ஆலன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு மரியராஜ் தான் எழுதிய ஒரு வரியைக்கூட யாருக்கும் காட்டியதில்லை.

பிறகு மதுரைக்குள் ஒரு மிஷன் பள்ளியில் கணினி ஆசிரியர் ஆனார். பதினோரு வருடத்துக்கு முன்பு, ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகளின் மதிப்பெண்களையும் வைத்துக்கொண்டு, தேர்வு முடிந்ததும் அட்டை அட்டையாக அச்சடித்துக் கொடுக்கிற நிரலை அந்தப் பள்ளிக்காக எழுதினார். அவர் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். அந்த நிரலுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கு அவர் மேல் மரியாதை இருந்ததற்கும் கொஞ்சம் எரிச்சல் இருந்ததற்கும் காரணம் இதுவே.

ஆனால் நிரல் எழுதுகிறவர் எவரும் ஒருநாள் சிக்கிக்கொண்டு முழிப்பார். அப்போது போய் உதவி கேட்பதற்கு இணையத்தில் மன்றங்கள் உண்டு. சிக்கலை எழுதிப் போட்டால் உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிற யாரோ பதில் சொல்வார்கள், அதுவும் காசு வாங்காமல். காசு வாங்காமல் என்பதுதான் மரியராஜ் சாருக்கு இடித்தது. ஆகவே நான்கு மன்றங்களில் கணக்குத் திறந்து, ஒவ்வொரு கேள்வியையும் நான்கிலும் போட்டு, வரும் பதில்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, ஒரு நீளமான நோட்டில் எழுதிவந்தார். நோட்டில் நான்கு கட்டங்கள்: எவ்வளவு நேரத்தில் பதில் வந்தது, மரியாதை இருந்ததா, சரியா தப்பா, உள்நோக்கம் என்ன. நான்காவது கட்டம்தான் அகலம் அதிகம்.

முதல் மன்றம் உலகத்திலேயே பெரியது. அவர் அதைத் தாலுகா ஆபீஸ் என்பார். கேள்வியை எடுத்துக்கொண்டு போனால், இதை எட்டு வருடத்துக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார், விவரம் போதாது, கேட்ட விதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தப்பித்தவறிப் பதில் வந்தால் மட்டும் அது சரியாக இருக்கும். இரண்டாவதற்குக் கல்யாண வீடு என்று பெயர். எல்லாரும் வாங்க வாங்க என்பார்கள், ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். இலை போடத்தான் ஆள் இருக்காது. மூன்றாவது ஒரு பழைய மின்னஞ்சல் குழு. நாலைந்து வெள்ளைக்காரப் பெரியவர்கள். பதில் வர ஒன்பது நாள் ஆகும். வந்தால் மூன்று பக்கம் இருக்கும். அதில் அரைப் பக்கம் அவர்கள் முதுகுவலியைப் பற்றி.

நான்காவது தமிழிலேயே நடக்கிற சின்ன மன்றம். ஆட்கள் குறைவு, பேச்சு இதமாக இருக்கும், பதிலும் சட்டென்று வரும். மரியராஜ் சார் மிகவும் பயந்தது இதற்குத்தான். அவர் கணக்கு அப்படி. ஓர் அமெரிக்காக்காரன் நம் பள்ளிக்கூட நிரலைத் திருடி என்ன செய்யப்போகிறான்? திண்டுக்கல்காரன் திருடினால் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விற்றுவிடுவான்.

சில சமயம், தனக்கு விடை தெரிந்த கேள்வியையே தெரியாதவர்போல் போட்டு, யார் பொய் சொல்கிறார்கள் என்று ஆழம் பார்ப்பார். ஒருமுறை பிரேசில்காரர் ஒருவர், சாருக்குத் தெரிந்த விடையைவிட நல்ல விடையாகச் சொல்லிவிட்டார். உள்நோக்கக் கட்டத்தில் அவருக்கு 'ஆபத்தானவர்' என்று விழுந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மன்றங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தானே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவிடம் போய்விட்டார்கள். மரியராஜ் சாரும் போய்ப் பார்த்தார். வேண்டுமென்றே தப்பாக எழுதிக் காட்டி, இது சரிதானே என்றார். பிரமாதம் என்றது. அன்றோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மன்றத்தில் போடும்போது அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நிரலை உள்ளபடி போடமாட்டார். எல்லாவற்றையும் வேறாக மாற்றித்தான் போடுவார். பள்ளி இருக்கிற இடத்தில் பண்ணை என்று எழுதுவார். மாணவர் இருக்கிற இடத்தில் மாடு. மதிப்பெண் இருக்கிற இடத்தில் பால். தமிழில் இருப்பதெல்லாம் ஆங்கிலமாகிவிடும். இப்படியாக, உலகத்தின் நான்கு மன்றங்களிலும் மரியராஜ் சார் ஒன்பது வருடமாக ஒரு பால்பண்ணை முதலாளி. போலந்திலிருந்து ஒருவர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவருடைய மாடுகளை நலம் விசாரித்து எழுதுவார். அதற்கும் அவர் பதில் போட்டதில்லை, என்ன நோக்கத்தில் விசாரிக்கிறாரோ என்று.

இந்த வருடம், பிள்ளைகளின் பதிவெல்லாம் தமிழில் இருக்கட்டும், முதலெழுத்தும் தமிழிலேயே இருக்கட்டும் என்று பள்ளியில் முடிவெடுத்தார்கள். மரியராஜ் சார் நிரலைத் தமிழுக்கு மாற்றினார். சோதித்துப் பார்க்கத் தன் பெயரையே அடித்தார்: அ. மரியராஜ். அழகாக வந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்து, ஜனவரியில் அட்டைகளும் அச்சாகிப் போயின.

மறுநாள் காலையில் கிறிஸ்டோபர் என்கிற தகப்பனார் அலுவலக வாசலில் வந்து நின்றார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் ஷெரின் கணக்கில் தொண்ணூற்றொன்று. விடைத்தாளிலும் அப்படித்தான் இருந்தது. அட்டையில் முப்பத்தெட்டு. பிள்ளை அழுது அழுது சாப்பிடவில்லை என்றார். எடுத்துப் பார்த்தால், அதே வகுப்பில் கனகராஜ் என்பவருக்கும் ஷெரின் என்று ஒரு மகள். அவள்தான் முப்பத்தெட்டு. ஒருத்தியின் மதிப்பெண் இன்னொருத்தியின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

மரியராஜ் சாருக்குத் தன் நிரல் தப்புச் செய்யும் என்று தோன்றவே இல்லை. மதிப்பெண்ணைத் தட்டச்சு செய்த அலுவலகக் கிளார்க் ஜெஸியிடம் போனார்.

"யாரு சொல்லி மாத்துனீக?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? பேப்பர்ல இருந்ததத்தான் அடிச்சேன்." ஜெஸிக்குக் குரல் உடைந்துவிட்டது.

பக்கத்தில் நின்றுகொண்டு மறுபடி அடிக்கச் சொன்னார். ஜெஸி தொண்ணூற்றொன்று என்று அடித்தாள். அடுத்த ஷெரினுக்கு முப்பத்தெட்டு அடித்ததும் இரண்டு பேருக்கும் முப்பத்தெட்டாகிவிட்டது. ஆக, ஜெஸி இல்லை. ஆனாலும் அவளுடைய கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத்தான் நகர்ந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து வைரஸ் என்று நினைத்தார். அதற்கடுத்து, டிசம்பரில் நாட்காட்டி கொடுக்க வந்த ஒரு மென்பொருள் கம்பெனி ஆள், தண்ணீர் குடிக்கிறேன் என்று கணினி அறையில் பத்து நிமிடம் நின்றது ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கம்பெனி விற்பதும் பள்ளிகளுக்கான மதிப்பெண் மென்பொருள்தான்.

தலைமையாசிரியர் ஃபாதர் கிளமெண்ட் சத்தம் போடுகிறவர் இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"காலண்டர் கொடுத்த அந்தக் கம்பெனிக்காரவுக வர்ற வியாழக்கெழமை வந்து அவுக சாஃப்ட்வேரக் காட்டுறேன்னாக. நான் சரின்னுட்டேன். அதுக்குள்ள நீங்க தப்பக் கண்டுபிடிச்சிட்டா உங்களோடதே இருக்கட்டும் சார். இல்லைன்னா அவுகளோடத எடுத்துக்கிருவோம். புள்ளைக மார்க்கு வெளையாட்டில்ல."

மரியராஜ் சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினோரு வருடம். அந்த நிரலை எடுத்துவிட்டால் அவர் அந்தப் பள்ளியில் மாதாமாதம் கணினிகளின் தூசி தட்டுகிற ஆள், வேறென்ன?

அன்று சாயங்காலமே நான்கு மன்றங்களிலும் கேள்வி போட்டார், வழக்கம்போல மாற்றித்தான். பண்ணையில் இரண்டு மாடுகள்: ஏ. லட்சுமி, பி. லட்சுமி. ஒன்று தொண்ணூற்றொரு லிட்டர், இன்னொன்று முப்பத்தெட்டு லிட்டர். ஒன்றின் பால் இன்னொன்றின் கணக்கில் ஏறுகிறது, ஏன்?

தாலுகா ஆபீஸ் கேள்வியை மூடிவிட்டது. சொல்கிற பிழையை யாராலும் திரும்ப வரவைக்க முடியவில்லையாம். கல்யாண வீட்டில் பதினேழு பேர் வந்து, எந்த மாடும் ஒரு நாளைக்குத் தொண்ணூற்றொரு லிட்டர் கறக்காது என்று சண்டை போட்டார்கள். பெரியவர்களிடமிருந்து அதிசயமாக மூன்றே நாளில் பதில் வந்தது. ஓட்டிப் பார்த்தோம், இரண்டு மாட்டின் பாலும் சரியாக இருக்கிறது, உங்கள் கணினியைப் பாருங்கள் என்று. எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னதும் சாருக்கு மூக்கு வியர்த்தது. ஒரே மாதிரிச் சொன்னால் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்றல்லவா அர்த்தம்? நோட்டில் மூன்றாவது கட்டத்தில் வரிசையாக 'பொய்' என்று எழுதினார்.

தமிழ் மன்றத்தில் ஒரே ஓர் ஆள்தான் விடாமல் கூட நின்றது. பெயர் 'அம்புட்டுதான்'. முதல் நாள் நிரலை ஓட்டிப் பார்த்துச் சரியாக வருகிறது என்றது. மறுநாள் வேறு விதமாக ஓட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அதிலேயே கிடந்து, ஆறு விதமாகச் சோதித்த விவரத்தை எழுதிப் போட்டது. அம்புட்டு என்கிற வார்த்தையைப் பார்த்த கணமே சார் உஷாராகிவிட்டார். இந்தப் பக்கத்து ஆள். ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமையை யாராவது அடுத்தவர் மாட்டுக்காகச் செலவழிப்பார்களா? உள்நோக்கக் கட்டம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் போனார்.

செவ்வாய்க்கிழமை அந்த ஆளிடமிருந்து இப்படி வந்தது:

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. மாட்டுக்கு எதுக்கு இனிஷியல்?"

மரியராஜ் சார் திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து வந்தது: "ஏ. லட்சுமி, பி. லட்சுமின்னு மாட்டுக்கு யாருண்ணே பேரு வைப்பா? வெளிநாட்டுக்காரவுக வேணா நம்புவாக. பேருக்கு முன்னாடி அப்பா பேருல ஒத்த எழுத்து. இது மாடு இல்ல, புள்ளைக. ஏதோ பள்ளிக்கூடந்தான? நெசமான இனிஷியல் தமிழ்ல இருக்கா?"

ஒன்பது வருடமாகக் கட்டிக் காத்த பண்ணை ஒரு நிமிடத்தில் காலியாகிவிட்டது. இணைப்பைப் பிடுங்கிவிடலாமா என்று கை போனது. பிலோமினாள் காப்பியோடு வந்தவள் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க, யாருக்கும் ஒடம்புக்கு முடியலையா?"

"கண்டுபிடிச்சிட்டான்."

"தப்பையா?"

"என்னைய."

பிலோமினாள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். படித்துவிட்டு, டம்ளரை வைக்காமலே சொன்னாள்: "இனி மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? கேக்குறதச் சொல்லிட்டுப் போங்க. நாளன்னிக்கு வியாழக்கெழமை."

பிள்ளைகளின் பெயரைச் சொல்ல அவர் இஷ்டப்படவில்லை. இரண்டு எழுத்தை மட்டும் அடித்து அனுப்பினார். ஒருத்தி கிறிஸ்டோபர் மகள்: கி. இன்னொருத்தி கனகராஜ் மகள்: க. கூடவே, அப்பா பெயரிலிருந்து முதல் எழுத்தை வெட்டி எடுக்கிற அந்த ஒரு வரியையும், முதல்முறையாக மாற்றாமல், உள்ளபடி.

நாலு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

"அண்ணே, நமக்குத்தான் 'கி' ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு. 'க' தனி, மேல இருக்கிற கொக்கி தனி. நீங்க முதல் எழுத்த மட்டும் வெட்டுறப்ப கொக்கி கீழ விழுந்துருது. 'கி'யும் 'க' ஆயிருது. பேரும் ஒண்ணு, இனிஷியலும் ஒண்ணுன்னா ரெண்டு பிள்ளைக்கும் ஒரே அடையாளம், ஒரே மார்க்கு. இங்கிலீஷ்ல மாத்திப் போட்டீங்கல்ல, அதுல கொக்கியே இல்ல, அப்புறம் எவன் கண்ணுல படும்?"

மரியராஜ் சார் நிரலைத் திறந்து பார்த்தார். அப்படியேதான் இருந்தது. அவர் சோதித்தது 'அ' வைத்து. அதற்குக் கொக்கி கிடையாது. எட்டாம் வகுப்பில் ம. ஜெபின், மு. ஜெபின் என்று இரண்டு பையன்கள் இருப்பதும் தெரிந்தது. அவர்கள் மதிப்பெண்ணும் ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டே வரி மாற்றினார். கிறிஸ்டோபர் மகளுக்குத் தொண்ணூற்றொன்று, கனகராஜ் மகளுக்கு முப்பத்தெட்டு என்று தனித்தனியாக வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு நன்றி எழுதியிருக்கலாம்.

எழுதுவதற்குள் இன்னொரு வரி வந்தது. "எங்க கம்பெனி சாஃப்ட்வேர்லயும் இதே கோளாறு இருக்குண்ணே. மதுரப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் கொடுக்குறோம். ஓனர்ட்ட சொன்னேன், எவனும் கவனிக்கலைன்னா விட்ரும்மான்னாரு."

நன்றி அப்படியே நின்றுவிட்டது. மதுரையில் பள்ளிகளுக்கு மதிப்பெண் மென்பொருள் விற்கிற கம்பெனி எத்தனை இருக்கிறது? அவர் சந்தேகப்பட்டது சரிதான். இவ்வளவு நாளும் கூட நின்றது அந்தக் கம்பெனி ஆள். அதைவிட, அந்த ஆளே கைப்படத் தன் கம்பெனியின் குறையை எழுதிக் கொடுத்துவிட்டது. மரியராஜ் சார் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, நாலாக மடித்து, வியாழக்கிழமைக்கென்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை ஃபாதரைப் பார்த்துச் சொன்னார்: "தப்பக் கண்டுபிடிச்சிட்டேன் ஃபாதர்." கண்டுபிடித்தது யார் என்று ஃபாதர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆனாலும் வருகிறேன் என்றவர்களை வேண்டாம் என்று சொல்ல ஃபாதருக்கு மனமில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனி முதலாளி சூர்யபிரகாஷ் வந்தார். கூடவே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, தலையில் முக்காடு போட்ட ஒரு பெண். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். "இவுங்க சுஃபியா. எங்க சாஃப்ட்வேர் முழுக்க இவுங்க கையிலதான் இருக்கு" என்றார் சூர்யபிரகாஷ். ஜெஸி குறிப்பெடுக்க ஓரமாக உட்கார்ந்தாள்.

திரையில் வண்ண வண்ணமாக ஓடியது. சூர்யபிரகாஷ் நன்றாகப் பேசினார். மரியராஜ் சார் எதுவும் கேட்காமல் பொறுமையாக இருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார் என்பதுதான் சரி. எல்லாம் முடிந்ததும், விடை தெரிந்த கேள்வியை எடுத்தார்.

"தமிழ் இனிஷியல் சரியா வருமா?"

"எல்லாமே வரும் சார்" என்றார் சூர்யபிரகாஷ், அரை விநாடிகூட யோசிக்காமல்.

மரியராஜ் சாரின் கை சட்டைப் பைக்குப் போனது. "நீங்க சொல்லாதீக. செஞ்சவுக அவுக. அவுகளே சொல்லட்டும். 'கி'யும் 'க'வும் வேற வேறயா வருமா, இல்ல கொக்கி கீழ விழுந்துருமா?"

கொக்கி என்ற வார்த்தையைக் கேட்டதும் சுஃபியா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலாளியைப் பார்த்தாள், அவர் கண்ணாலேயே 'வரும்னு சொல்' என்றார். மரியராஜ் சாரின் விரல் தாளின் மடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் பொய் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். அதுதான் உண்மை.

"வராது ஃபாதர்" என்றாள் சுஃபியா. "தமிழ்ல போட்டா ஒடையும். ரெண்டு புள்ளைக மார்க்கு கலந்துரும். இன்னும் சரி பண்ணல."

சூர்யபிரகாஷ் முகத்தில் ஈயாடவில்லை. "ஆபீஸ்ல பேசுவோம்" என்று அவளிடம் சொன்னார். "நான் கார்ல இருக்கேன் ஃபாதர்" என்று எழுந்து போய்விட்டார்.

மரியராஜ் சார் கையைப் பையிலிருந்து எடுத்தார். வெறுங்கைதான் வந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. அப்படி ஒரு வெட்கம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. மேசை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அப்ப மரியராஜ் சார் கண்டுபிடிச்சதுதான் சரி" என்றார் ஃபாதர்.

சுஃபியா மடிக்கணினியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்தது தான்தான் என்று அவளே சொல்லிவிட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் கண்டுபிடிக்கல ஃபாதர். இவுக கண்டுபிடிச்சுச் சொன்னது" என்றார் மரியராஜ் சார். "ஃபோரத்துல. இவுகன்னு இப்பத்தான் தெரியும்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். இவரைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "உங்க தப்ப அந்தக் கம்பெனி ஆளே வந்து திருத்துனாங்க. இப்ப அவுங்க தப்ப அவுங்களே சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீங்களா?"

மரியராஜ் சார் இல்லை என்று தலையாட்டினார். இத்தனை வருடமாக இந்தக் கேள்வியை அவர்தான் மற்றவர்களைக் கேட்டிருக்கிறார். அதைத் தன்னிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்லிவிட்டும் நம்பப்படாமல் உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்குமா? அறியாமலே ஜெஸி பக்கம் திரும்பினார். ஜெஸி குறிப்பு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சரி" என்றார் ஃபாதர் கடைசியில். "ஒண்ணு செய்வோம். வெளியாள் ஒருத்தர் உங்க புரோகிராம முழுசாத் தொறந்து பாக்கணும். பாத்துட்டு, வேற தப்பு இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா உங்களோடதே இருக்கட்டும். யாருட்டயும் காட்ட மாட்டேன்னா, இன்னிக்கோட வேற பாத்துக்கிறேன்."

"இவுகளே பாக்கட்டும் ஃபாதர்."

"நான் பாக்க மாட்டேன் சார்" என்றாள் சுஃபியா.

அவள் குரலில் கோபம் இருந்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த கோபம். "ஆறு நாள் சார். ஞாயித்துக்கெழமை எம்புள்ளயக்கூட எங்கயும் கூட்டிட்டுப் போகல. நீங்க போட்டது முழுக்கப் பொய்யி. இல்லாத மாட்டுக்கு இல்லாத பாலக் கறந்துக்கிட்டு இருந்திருக்கேன். இப்பக் காட்டப்போறது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்புறது? அதுலயும் எதையாச்சும் மாத்தித்தான கொடுப்பீங்க?"

மாத்த மாட்டேன் என்று சொன்னால் அவள் ஏன் நம்ப வேண்டும்? மரியராஜ் சார், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்த சின்னப் பென்டிரைவைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். நூல் சிக்கிக்கொண்டது. ஜெஸி எழுந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். நூலை வெட்டி அதை சுஃபியா முன்னால் தள்ளினார்.

"முழுசும் இதுல இருக்கும்மா. மாத்தாதது. நான் வேலை செய்யிறதே இதுலதான்."

சுஃபியா சுற்றி வைத்த வயரை மறுபடி பிரித்து, கணினியைத் திறந்து, அதைச் செருகினாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

"பாஸ்வேர்டு கேக்குது சார்."

மரியராஜ் சார் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் காத்திருந்தார். ஜெஸி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுதிக் காட்ட ஒரு தாள் எடுக்கலாமா என்று நினைத்தார். சட்டைப் பையில் இருந்தது ஒரே தாள்தான், அதை இந்தப் பெண் முன்னால் எடுக்க முடியாது.

"யாரையும்..." என்றார். "யாரையும் நம்பாதே. சேத்து அடிக்கணும். இங்கிலீஷ் எழுத்துல."

சுஃபியா சிரிக்கவில்லை. அடித்தாள். தப்பு என்றது. மறுபடி அடித்தாள். அதுவும் தப்பு என்றது. விரலை விசைப்பலகை மேலேயே வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"'நம்பாதே'ல 'பா'வுக்கு ஒரு ஏ-யா, ரெண்டு ஏ-யா சார்?"

"ரெண்டும்மா" என்றார் மரியராஜ் சார்.